டே துரையின் மணல்மேடு

துறைமுக நகரம் ஒன்றை உண்டாக்கக் கிளம்புகிறவர் முதலில் தேட வேண்டியது கப்பல் ஒதுங்க ஓர் இடம். ஒரு குடா வேண்டும். இல்லையென்றால் ஆழமான ஆற்றுமுகம். அதுவும் இல்லாவிட்டால் அலையை மறிக்க நாலு பாறையாவது வேண்டும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஃபிரான்சிஸ் டே சோழமண்டலக் கரையோரமாகத் தேடிக்கொண்டே வந்தார். மேலே சொன்ன எதுவுமே இல்லாத ஒரு மணல்மேட்டைப் பார்த்ததும், இதுதான் சரியான இடம் என்று முடிவு கட்டினார். எதிரே வங்காள விரிகுடா, ஒரு மறைப்பும் இல்லாமல். பக்கத்தில் கூவம், வருஷத்தில் பல மாதம் மணலால் வாய் அடைபட்டு.

ஏன் இந்த இடம் என்பதற்கு டே எழுதிய காரணம், இங்கே துணி மலிவு. மற்றவர்கள் பேசிக்கொண்ட காரணம், சற்றுத் தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் குடியிருப்பில் துரைக்கு ஒரு சிநேகிதி. இரண்டாவதற்கு ஆதாரம் கிடையாது. அதனால் என்ன? சென்னை பற்றி எழுதுகிறவர்கள் "இது வெறும் வதந்தி" என்று கண்டித்துவிட்டு, அந்த வதந்தியை ஒரு பாரா முழுக்க விவரிப்பது மரபு. நானும் மரபை மீறவில்லை.

நிலத்தைக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். இடையில் நின்று பேசியவர் துபாஷ் பேரி திம்மப்பா. பத்திரம் முடிந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. கோட்டையை நாயக்கர் தம் செலவில் கட்டித் தருவார் என்று இங்கிலீஷ்காரர்கள் காகிதத்தைப் படித்து வைத்திருந்தார்கள். அப்படி யார் சொன்னது என்றார் நாயக்கர். லண்டனில் இருந்த முதலாளிகளோ, கோட்டையே எதற்கு என்று கடுகடுத்தார்கள். இந்த ஊரின் முதல் மனை விற்பனையே இந்த லட்சணம். பின்னால் வந்த அடுக்குமாடி முதலாளிகள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

சென்னைக்கு வருகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கோட்டை, சேப்பாக்கம் அரண்மனை, ஐஸ் ஹவுஸ், மெரினா, கலங்கரை விளக்கம், மியூசியம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே போவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதுவும் நீங்கள் பார்ப்பதற்காகக் கட்டியதல்ல. சிலது பயத்தில் கட்டியது, சிலது கடனில் கட்டியது. மெரினாவை யாரும் கட்டவே இல்லை.

பட்டியலில் இல்லாத, இப்போது எங்கும் காணக் கிடைக்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது மசூலா படகு. துறைமுகம் இல்லாத துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரைக்கு வர இந்தப் படகுதான் கதி. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஓர் ஆணி கிடையாது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு மதராஸ் அலையில் ஒரே அறையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுத்துப் பிழைத்துக்கொள்ளும்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்காகக் கப்பலில் வந்த துரை, புதிய கவர்னராகவே இருந்தாலும், கடைசிக் கொஞ்சத் தூரத்துக்கு வாயை மூடிக்கொண்டு இந்தப் படகோட்டிகளிடம் தன்னை ஒப்படைக்க வேண்டும். சரியாக அலைகள் மறியும் இடம் வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு என்ன தருவீர்கள் என்று பேச்சை ஆரம்பிப்பார்களாம். வந்திறங்கிய பல துரைகள் இதைப் புலம்பியிருக்கிறார்கள். மீட்டருக்கு மேல் போட்டுக் கேட்கும் வழக்கம் ஆட்டோவோடு வந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பேரம் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலக வணிக வரலாற்றில் அமைந்ததில்லை.

படகோடு கட்டுமரக்காரர்களும் வருவார்கள். கவிழ்ந்தால் மிதப்பவர்களைப் பொறுக்கி எடுப்பது அவர்கள் வேலை; உயிரோடு எடுத்தால் வெகுமதி உண்டு. இதே கட்டுமரக்காரர்கள்தான் கப்பல் தபாலையும் கொண்டுபோவார்கள். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஓலைத் தொப்பி, தொப்பிக்குள் கம்பெனியின் ராஜாங்கக் கடிதங்கள். ஆள் மூழ்கி எழுந்தாலும் கடிதம் நனையாது. கடைசியில் படகு மணலில் தட்டியதும், துரையையும் துரைசானியையும் தூக்கிக்கொண்டுவந்து உலர்ந்த தரையில் வைப்பார்கள். இந்தியாவை ஆள வந்த பலர் இங்கே முதலில் கால் வைத்தது மண்ணில் அல்ல, ஒரு மீனவரின் இடுப்பில்.

சரி, கோட்டை. உள்ளே தலைமைச் செயலகமும் சட்டசபையும் இருப்பதால் வாசலில் உங்கள் பையைச் சோதிப்பார்கள். அதைக் கடந்தால் செயின்ட் மேரீஸ் தேவாலயம், 1680. சுவர்கள் நாலடி கனம். கூரை மரமல்ல, கெட்டியான செங்கல் வளைவு. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது. ஆண்டவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை இருந்தது. இருந்தாலும் கூரையில் இரண்டடி செங்கலும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேல் என்பவருடையது. மணப்பெண் கேதரின் ஹின்மர்ஸ், கோட்டை உத்தியோகஸ்தர் ஜோசஃப் ஹின்மர்ஸின் விதவை. ஹின்மர்ஸ் இறந்ததும் அதே 1680-தான். கோட்டைக்குள் இடம் குறைச்சல், துக்கம் அனுஷ்டிக்கவும் அவகாசம் குறைச்சல். யேல் பிறகு கவர்னரானார். கம்பெனிக்குச் செய்த வியாபாரத்தைவிடத் தமக்குச் செய்துகொண்ட வியாபாரம் அதிகம் என்ற குற்றச்சாட்டில் 1692-இல் பதவி போனது. பதவிதான் போனது, பணம் போகவில்லை. ஊர் திரும்பி வசதியாக இருந்தவரிடம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்காரர்கள் உதவி கேட்டார்கள். 1718-இல் அவர் ஒன்பது மூட்டைச் சரக்கும், நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு. அதற்கு நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் இன்றைய சொத்து மதிப்பைப் பார்க்கும்போது, பெயர்ப்பலகை விளம்பரத்தில் இதைவிட மலிவான பேரம் இனி யாருக்கும் அமையப்போவதில்லை.

தேவாலயத்தைச் சுற்றி நடக்கும்போது கீழே பாருங்கள். தரையில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். அடியில் யாரும் இல்லை. இவை வேறிடத்தில் இருந்தவை, வந்த கதை தனி.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் உள்ளூர்க்காரர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பித்தார். பிடித்த பிரெஞ்சுக்காரர்களும் நிம்மதியாக இல்லை. கோட்டையைப் பிடித்த லபூர்தொனேவும் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேயும் இது யாருடைய வெற்றி என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் அக்டோபர் புயல் வந்து கப்பல்களை நொறுக்கிவிட்டுப் போனது. 1748-இல் ஐரோப்பாவில் சமாதானம் பேசியபோது, கனடாவில் லூயிஸ்பர்க் என்ற கோட்டையை இங்கிலாந்து பிரான்சுக்குத் திருப்பித் தர, பதிலுக்கு மதராஸ் வந்தது. அதாவது ஒருகாலத்தில் நம் ஊருக்கு ஈடான விலை, பனி பெய்யும் கடற்கரையில் ஒரு கோட்டை. மதராஸ்வாசிகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்தார்கள். 1758 டிசம்பர் முதல் இரண்டு மாதம் பிரெஞ்சுத் தளபதி லல்லியின் முற்றுகை. இப்போது சட்டக் கல்லூரிக் கட்டிடம் இருக்கும் இடத்தில்தான் அன்று இங்கிலீஷ்காரர்களின் இடுகாடு. பெரிய பெரிய சமாதிகள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவற்றின் பின்னால் வசதியாக மறைந்துகொண்டு கோட்டையைச் சுட்டார்கள். முன்னோர்கள் செத்தும் எதிரிக்கு உதவுகிறார்களே என்று கோட்டைக்காரர்களுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். முற்றுகை முடிந்ததும் சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் தூக்கிவந்து தேவாலய முற்றத்தில் பாவிவிட்டார்கள். தப்பியது வெகு சில. அதில் ஒன்று இன்றும் சட்டக் கல்லூரிப் பக்கம் நிற்கிறது. அதற்குள் ஜோசஃப் ஹின்மர்ஸும், எலிஹு யேலின் சின்ன மகன் டேவிடும் இருக்கிறார்கள். அம்மாவின் முதல் கணவரோடு இரண்டாம் கணவரின் பிள்ளை. இந்தக் குடும்ப விவகாரத்துக்கு அக்கம்பக்கத்தில் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு முறை சூடுபட்ட கம்பெனி அடுத்து நகரத்தைச் சுற்றி மதில் கட்டியது. 1760-களில் ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மதிலுக்கான செலவை ஜனங்களிடம் வரியாக வசூலிக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டதில் வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓடும் வால்டாக்ஸ் ரோடு அதுதான். சுவர் போய்விட்டது, வரி வரவே இல்லை, ரோடு இருக்கிறது. மதிலில் மிஞ்சிய துண்டு ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்காவாக இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவசியம் போங்கள், கூட்டமே இருக்காது.

பென்ஃபீல்டின் பெரிய வேலை மதில் அல்ல, நவாபு. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்குக் கம்பெனி படை கொடுத்தது; அதற்குப் பணம் கேட்டது. நவாபிடம் பணம் இல்லை. ஆகவே கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதைக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே, அவரவர் சொந்தக் கணக்கில், கொழுத்த வட்டிக்கு வாங்கினார். உத்தியோகஸ்தர் பகலில் கம்பெனிக்காகக் கடனை வசூலிப்பார். சாயங்காலம் அதே நவாபுக்குக் கடன் கொடுப்பார். நவாபு கோட்டைக்குள்ளேயே ஓர் அரண்மனை கட்டிக்கொண்டு கடன்காரர்கள் பக்கத்திலேயே இருக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை. ஆனால் கோட்டைக்குள் அரண்மனைத் தெரு என்று ஒரு தெரு மட்டும் இருக்கிறது. அரண்மனை 1768-இல் சேப்பாக்கத்தில் எழுந்தது. கட்டியவர் பென்ஃபீல்டுதான் என்பார்கள். கடன் கொடுத்தவரே மேஸ்திரி.

ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரரான பென்ஃபீல்ட், 1776-இல் ஒரு காகிதத்தை நீட்டினார். தஞ்சாவூர் வருமானத்தின்பேரில் நவாபு தமக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் பாக்கி என்றது காகிதம். தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பிக் கொடுக்க லண்டன் உத்தரவோடு வந்திருந்த கவர்னர் பிகட் பிரபு, இந்த ஆளிடம் இவ்வளவு பணம் ஏது என்று நியாயமாகவே கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் மறுபக்கம். ஆகஸ்ட் 24 அன்று கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கவர்னரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் வண்டியிலேயே கூட ஏறி வந்தார். தீவுத்திடலைக் கடக்கையில் கவர்னரைக் கைது செய்ய ஏற்பாடு செய்திருந்தார். சாப்பாட்டில் உப்பு போட்டிருந்தார்களா என்று குறிப்பில்லை. பிகட் மறு வருஷம் காவலிலேயே செத்துப்போனார். இன்றைக்கு அதே தீவுத்திடலில் வருஷாவருஷம் பொருட்காட்சி நடக்கிறது. ராட்டினத்தில் ஏறி டெல்லி அப்பளம் கடிக்கும்போது பிகட்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

நவாபின் கடன் லண்டன் பார்லிமென்ட்டுக்கே போனது. எட்மண்ட் பர்க் 1785-இல் மணிக்கணக்காகப் பேசி பென்ஃபீல்டைப் பிழிந்தெடுத்தார். பிற்பாடு, 1805-இல், உண்மைக் கடன் எவ்வளவு என்று பார்க்க ஒரு கமிஷன் வைத்தார்கள். உரிமை கோரி வந்த பத்திரங்களின் மொத்தம் சுமார் 3 கோடிப் பவுண்டு. ஏறக்குறைய கால் நூற்றாண்டு சோதித்ததில் நிஜமென்று தேறியது 27 லட்சத்தைத் தொடவில்லை. மீதி முழுக்கக் கற்பனை இலக்கியம். அந்தக் காலத்து மதராஸில் உரைநடை வளரவில்லை என்று யார் சொன்னது?

1855-இல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்ததும் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது அரசாங்கமே. கட்டிடக் கலைஞர் சிஸம் இரண்டு மகால்களுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை நட்டு இணைத்தார். பிறகு வந்தவர்கள் முன்னும் பின்னும் அரசு அலுவலகங்களாகக் கட்டி, அரண்மனை கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள். கடற்கரைச் சாலையில் நின்று தேடினால் எழிலகம் தெரியும். அதன் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடருக்கு ஒரு கிறுக்கு யோசனை. குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்துபோகின்றன. யாருக்கும் வேண்டாத அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, பூமிப்பந்தைப் பாதி சுற்றிக் கொண்டுபோய் வெயிலில் வேகிறவர்களிடம் விற்றால் என்ன? ஊரே சிரித்தது. 1833-இல் கல்கத்தாவில் பனிக்கட்டி இறங்கியது. 1842-இல் மதராஸ் கடற்கரையில் அதற்கென்று ஒரு கட்டிடம் எழுந்தது. யேல் இங்கிருந்து சம்பாதித்ததில் கொஞ்சத்தை நியூ இங்கிலாந்துக்குத் தானம் செய்தார். நூற்றிருபது வருஷம் கழித்து நியூ இங்கிலாந்து தன் தண்ணீரை நம்மிடம் காசுக்கு விற்றது. வழியில் கரைந்தது போக மீதியை மசூலா படகில் ஏற்றி அலைக்கு நடுவே கொண்டுவந்தார்கள். நம் படகோட்டிகள் அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு நடுக்கடலில் பேரம் பேசியிருந்தால் தாமதம் யாருக்கு நஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டிடத்தை வாங்கி வீடாக்கினார். நீதிபதி கெர்னன் மீது இருந்த மரியாதையில் கெர்னன் கோட்டை என்று பெயரும் வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு கொஞ்ச காலம் சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவைகள் இல்லம். அதிகாரபூர்வப் பெயர் இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் நடத்துநரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். "ஐஸ் ஹவுஸா?" என்பார். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். பனிக்கட்டி கரைந்து நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது.

இத்தனை காலமும் துறைமுகம் இல்லை. இரும்புத் தூண்களின்மேல் ஒரு நீளமான பாலம் கட்டிப் பார்த்தார்கள். புயல் அதை விட்டுவைக்கவில்லை. கடைசியில் 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். கடலுக்குள் கான்கிரீட் பாளங்களால் இரண்டு கைகளை நீட்டி, கிழக்கே பார்த்து வாசல் வைப்பதாகத் திட்டம். புயல் வரும் திசையில் வாசல்! வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று, வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கையில் சம்பந்தி உள்ளே புகுந்து சட்டி பானையை உடைத்த மாதிரி, புயல் அந்த வாசல் வழியாகவே வந்து கைகளைப் பிய்த்துப் போட்டது. கவர்னர் கிராண்ட் டஃப் பதவியேற்று அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

திரும்பவும் கட்டினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஆனது. ஆனால் கடலுக்கு வேறொரு பழக்கம் இருந்தது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். குறுக்கே கையை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் குவியும், வடக்குப் பக்கம் கரை கரையும். அதேதான் நடந்தது. கோட்டை மதிலருகே அடித்துக்கொண்டிருந்த அலை எங்கோ போனது. கோட்டைக்குத் தெற்கே கரை வருஷத்துக்கு வருஷம் அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் வீடுகளை நோக்கி வந்தது. இன்றுவரை அங்கே பாறாங்கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகத்துக்குள்ளும் மணல் புகுந்ததால், பொறியாளர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலையே அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசானியம் என்று சந்தோஷப்படலாம். அவர் பார்த்தது மணல் கணக்கு.

கிராண்ட் டஃப் துரை புத்திசாலி. துறைமுகம் கைகொடுக்கவில்லை, மணலாவது கிடைத்ததே! 1884-இல் கடற்கரையோரமாக ஒரு நடைபாதை போட்டு, சிசிலித் தீவில் கண்டதன் நினைவாக மெரினா என்று பெயரும் வைத்தார். பெயர் வந்தபோது இருந்த மணல் கொஞ்சம்தான். சுண்டல், பட்டம், பலூன் சுடும் துப்பாக்கி, குதிரைச் சவாரி, தேங்காய் மாங்காய் பட்டாணி இவற்றுக்கெல்லாம் போதுமான இடத்தைத் துறைமுகம்தான் பிறகு சிறுகச் சிறுகக் கொண்டுவந்து கொட்டியது. தமிழ்நாட்டில் படித்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று சொல்லும். முதலாவது எது என்றால் பதில் வராது. அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை. இந்த மணலில்தான் இந்த ஊரின் அரசியல் கூட்டங்கள் கூடின, முதலமைச்சர்களும் இங்கேயே ஓய்வெடுக்கிறார்கள். எம்.ஜி.ஆர் சமாதியில் பளிங்கில் காதை வைத்துக் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் வரிசையை இன்றும் காணலாம். கேட்டவர்கள் கேட்டதாகவே சொல்கிறார்கள். 1987 முதல் ஓடும் கடிகாரம் என்றால் பாட்டரி கம்பெனி விளம்பரத்துக்கே பயன்படுத்தலாம்.

கலங்கரை விளக்கத்துக்கு அதிக நேரம் வேண்டாம். இந்த ஊர் நாலு விளக்கு கண்டது. முதலாவது 1796-இல், கோட்டைக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. இரண்டாவது உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்னும் நிற்கும் கல்தூண். மூன்றாவதை நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியிலேயே ஏற்றினார்கள். கீழே வழக்கு இருட்டில் கிடந்தாலும் மேலே வெளிச்சம் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்தது. உலக யுத்தம் நடக்கிற சமயத்தில் நகரம் அத்தனை விளக்கையும் போட்டுக்கொண்டு காத்திருந்தது. எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்து நூற்றிருபதுக்கு மேல் குண்டு போட்டுவிட்டு, பதிலடி தயாராவதற்குள் விளக்கணைத்துக் கிளம்பிவிட்டது. மறுநாள் முதல் ரயிலுக்கு இடமில்லை. ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பியது. அந்தக் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. டே துரையின் சிநேகிதியும் இவரும் ஒரே வகை. நாலாவது விளக்கு 1977-இல் மெரினாவில் வந்தது. லிஃப்ட் இருக்கிறது, மேலே போய் மணலைப் பாருங்கள்.

மிச்சம் சிலைகள். சென்னையில் சிலையாக இருப்பது அவ்வளவு நிம்மதியான வேலை அல்ல. கார்ன்வாலிஸ் துரை, டிப்புவைத் தோற்கடித்து அவர் பிள்ளைகளைப் பிணை வாங்கிய காட்சியைக் காலடியில் செதுக்கிக்கொண்டு 1800-இல் வந்து இறங்கினார். அப்புறம் வாடகை வீட்டுக்காரர் மாதிரி இடம் மாறி இடம் மாறி, இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் அடைக்கலம். கவர்னர் மன்றோ மட்டும் 1839 முதல் தீவுத்திடலருகே குதிரைமேல் அசையாமல் இருக்கிறார். சேணமும் கிடையாது, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். சிற்பி சான்ட்ரி அப்படி எதுவும் செய்துகொள்ளவில்லை. ஆனால் பிடிமானம் இல்லாமல் இத்தனை ஆட்சிகளைத் தாண்டி உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் இவர்தான் என்பதை அரசியல்வாதிகள் வந்து படித்துவிட்டுப் போகலாம்.

மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் துரைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் செய்த கொடுமைகளுக்காகவே நினைவு வைக்கப்பட்ட மனிதர். 1927-இல் சத்தியாக்கிரகிகள் சுத்தியலும் கோடரியுமாகச் சிலைமேல் ஏறினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சத்தமில்லாமல் எழும்பூர் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மெரினாவில் 1968-இல் வந்த கண்ணகிக்கும் இடமாற்றம் தப்பவில்லை. 2001 டிசம்பரில் லாரி இடித்தது என்ற காரணத்தோடு இறக்கினார்கள். 2006-இல் ஆட்சி மாறியதும் ஏற்றினார்கள். நடுவில் அவளும் எழும்பூர் மியூசியத்தில்தான் இருந்தாள். ஒரு மன்னனிடம் நீதி கேட்டவளும் நீதியே கேட்காமல் தூக்கில் போட்டவரும் ஒரே வளாகத்தில்.

அந்த மியூசியத்தையும் பார்த்துவிடுங்கள். 1851-இல் தொடங்கியபோது, கல்லையும் எலும்பையும் பார்க்க ஜனங்கள் வரவில்லை. பொறுப்பாளர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு புலிக்குட்டியைக் கொண்டுவந்து கட்டினார். கூட்டம் அலைமோதியது. நவாபும் தம்மிடமிருந்த மிருகங்களைக் கொடுத்தார். கடைசியில் மிருகங்களுக்குத் தனி இடம் வேண்டியதாகி, மிருகக்காட்சி சாலையே உண்டாகிவிட்டது. மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் மதராஸ் ஜனங்கள் பெயர் வைத்தார்கள். உயிர் காலேஜ் 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் அதே இடத்தில் இருக்கிறது. நீல் துரையும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.